பி.ஆர். இன்டர்ன்ஷிப்: எம்பிஏ மாணவருக்குப் படிப்பா, ஏஜென்சிக்கு இலவச உழைப்பா?

செமஸ்டர் தேர்வு முடிந்ததும் எம்பிஏ முதலாண்டு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: ‘உனக்கு எங்க கிடைச்சிருக்கு? ஸ்டைபெண்ட் உண்டா?’ ஃபைனான்ஸ் எடுத்தவர்கள் வங்கி, நிதி நிறுவனம் பக்கம் போவார்கள். மார்க்கெட்டிங் எடுத்தவர்களில் ஒரு பகுதியினர், சென்னையில் இருக்கும் மக்கள் தொடர்பு நிறுவனங்களுக்கு, அதாவது பி.ஆர். ஏஜென்சிகளுக்கு இரண்டு மாத இன்டர்னாகப் போகிறார்கள். பெயரைக் கேட்டால் பிரபலங்களும் பிரஸ் மீட்டும்தான் நினைவுக்கு வரும். உள்ளே போனால் முதலில் கையில் கிடைப்பது ஓர் எக்ஸெல் ஷீட்.

அந்த ஷீட்டுக்கு ‘மீடியா லிஸ்ட்’ என்று பெயர். எந்த நாளிதழில் யார் வணிகச் செய்தி பார்க்கிறார், யார் சுகாதாரம், யார் கல்வி, அவர்களுடைய போன் எண், மெயில் எல்லாம் வரிசையாக இருக்கும். அதில் நிறையப் பழசு. ஒருவர் வேறு பத்திரிகைக்கு மாறியிருப்பார், இன்னொருவருக்கு பீட் மாறியிருக்கும், மற்றொருவர் வேலையையே விட்டிருப்பார். இதையெல்லாம் சரிபார்ப்பதிலேயே முதல் வாரம் ஓடிவிடும். அடுத்தது ஃபாலோ-அப் கால். ‘சார், ஒரு ரிலீஸ் அனுப்பியிருந்தோம், பார்த்தீங்களா?’ என்று வரிசையாகப் போன் போட வேண்டும். பலர் எடுக்க மாட்டார்கள். எடுப்பவர்களில் பலர் ‘மீட்டிங்ல இருக்கேன்’ என்பார்கள். மாலையில் பக்கம் முடிக்கிற நேரத்தில் டெஸ்க்குக்குப் போன் போட்டால் என்ன கிடைக்கும் என்பதை ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம்.

அலுப்பான வேலைதான். ஆனால் வீணான வேலை இல்லை. ‘சரிங்க, இதுல நியூஸ் என்ன இருக்கு?’ என்று ஒரு நிருபர் கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்கும் அந்த ஐந்து நொடி, எந்த வகுப்பறையிலும் கிடைக்காதது. தன் கிளையன்டுக்குப் பெரிய விஷயமாகத் தெரிவது வெளியே இருப்பவருக்கு ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

சென்னை ஏஜென்சிகளில் தமிழ் நன்றாக எழுதத் தெரிந்த இன்டர்னுக்குத் தனி மவுசு உண்டு. கிளையன்ட் மும்பையிலோ பெங்களூருவிலோ இருப்பார். ரிலீஸ் ஆங்கிலத்தில் வரும். தமிழ் நாளிதழ்களுக்குச் சில மணி நேரத்தில் தமிழில் போயாக வேண்டும். அவசரத்தில் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்தால், ‘வாடிக்கையாளர் மையப்படுத்தப்பட்ட ஒருங்கிணைந்த தீர்வுகளை வழங்குவதில் முன்னணி வகிக்கும்’ என்று ஆரம்பிக்கிற ஒரு பத்தி கிடைக்கும். அதைப் படித்து முடிக்கும் பொறுமை எந்த உதவி ஆசிரியருக்கும் இருக்காது.

உதாரணத்துக்கு, ஒரு வீட்டுக்கடன் நிறுவனம் திருப்பூரில் கிளை திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில ரிலீஸின் முதல் பத்தியில் நிறுவனத்தின் தொலைநோக்கு இருக்கும், இரண்டாவது பத்தியில் தலைமை அதிகாரியின் பெருமிதம். திருப்பூரில் பேப்பர் படிப்பவருக்குத் தேவையானது வேறு. கிளை எந்த ரோட்டில் இருக்கிறது? வட்டி எவ்வளவு? சம்பளச் சீட்டு இல்லாத பனியன் கம்பெனித் தொழிலாளிக்குக் கடன் கொடுப்பார்களா? இந்தக் கேள்விகள் ஏஜென்சியின் சீனியர்களுக்குத் தோன்றாமல் போகலாம். கொங்குப் பகுதியிலிருந்து வந்த 22 வயது இன்டர்னுக்குத் தோன்றும். அவர் கிளையன்டிடம் கேட்டு, அந்தத் தகவலை முதல் பத்தியில் வைத்து, ஒப்புதலும் வாங்கிவிட்டால் அதுதான் பி.ஆர். வேலை. அனுமதி கேட்காமல் தானாக மாற்றி அனுப்பிவிட்டால் அது வேறு விவகாரம். அன்று மாலையே ஏஜென்சிக்குப் போன் வரும்.

தகவலுக்கு மரியாதை கொடுப்பது இந்தத் தொழிலின் பிறப்பிலேயே இருக்கிறது. 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனத்தின் ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதுதான் அன்றைய ரயில் நிறுவனங்களின் வழக்கம். நிறுவனத்தின் ஆலோசகர் ஐவி லீ அதற்கு மாறாக, நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப் போக ஏற்பாடு செய்தார். ‘நியூயார்க் டைம்ஸ்’ அந்த அறிக்கையை அப்படியே அச்சிட்டது. முதல் பிரஸ் ரிலீஸ் என்று பலரும் சொல்வது இதைத்தான். அதே லீ, பின்னாளில் நாஜி ஆட்சிக் காலத்து ஜெர்மன் ரசாயன நிறுவனமான ஐ.ஜி. ஃபார்பனுக்கு ஆலோசனை சொன்னதற்காக 1934-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. இந்தத் தொழிலின் இரண்டு முகங்களும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் இருக்கின்றன.

இன்றைய இன்டர்ன் அந்த இரண்டாவது முகத்தை முதலில் சந்திக்கும் இடம் ‘கவரேஜ் ரிப்போர்ட்’. மாதக் கடைசியில் வெளியான செய்திகளையெல்லாம் வெட்டி ஒட்டி கிளையன்டுக்கு அனுப்புவார்கள். அதில் ஏவிஇ என்று ஒரு கணக்கு இருக்கும். வந்த செய்தி எத்தனை சதுர சென்டிமீட்டர், அதே இடத்தில் விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று பெருக்கிப் போடுவது. 200 சதுர சென்டிமீட்டர் செய்தி, விளம்பரக் கட்டணம் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 ரூபாய் என்றால் 2 லட்சம். ‘செய்திக்கு நம்பகத்தன்மை அதிகம்’ என்று சொல்லி அதை மூன்றால் பெருக்கி 6 லட்சம் என்று காட்டுவதும் உண்டு. அந்தச் செய்தியைப் படித்து ஒருவராவது கடைக்கு வந்தாரா என்பது இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. 2010-ல் உலகத் தகவல்தொடர்பு அளவீட்டு அமைப்புகள் கூடி வெளியிட்ட ‘பார்சிலோனா கோட்பாடுகள்’, ஏவிஇ என்பது மக்கள் தொடர்பின் மதிப்பே அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. ஆனாலும் அந்தக் கட்டம் எக்ஸெல்லை விட்டுப் போகவில்லை. எம்பிஏ-வில் புள்ளியியலும் மார்க்கெட்டிங் ஆராய்ச்சியும் படித்துவிட்டு வரும் மாணவர், ‘இந்த மூன்று எங்கிருந்து வந்தது?’ என்று ஒரு முறையாவது கேட்க வேண்டும்.

இதைவிட ஆபத்தான விஷயங்களும் இருக்கின்றன. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் கிளையன்டாக இருந்தால், காலாண்டு முடிவு அறிக்கையின் வரைவு வெளியாகும் முன்பே இன்டர்னின் லேப்டாப்புக்கு வந்துவிடலாம். அதை ரூம்மேட்டிடம் ‘மச்சி, லாபம் செமயா ஏறியிருக்கு’ என்று சொல்வது வெறும் அரட்டை அல்ல. செபியின் 2015-ம் ஆண்டு உள்வணிகத் தடுப்பு விதிகள், நிறுவனத்தின் ஊழியர்களை மட்டுமல்ல, ஒப்பந்த அடிப்படையில் தொடர்புள்ளவர்களையும் கட்டுப்படுத்துகின்றன. தகவலைக் கசியவிடுவதும் குற்றம், அதை வைத்துப் பங்கு வாங்குவதும் குற்றம். செபி சட்டப்படி இதற்கான குறைந்தபட்ச அபராதமே 10 லட்சம் ரூபாய். சேரும் நாளில் கையெழுத்து வாங்கும் ரகசிய ஒப்பந்தத்தின் பொருள் இதுதான் என்று இன்டர்னுக்கு விளக்கிச் சொல்வது ஏஜென்சியின் கடமை.

போலி ரிவ்யூ எழுதச் சொல்வது இன்னொன்று. ‘உன் ஃபிரெண்ட்ஸ் கிட்ட சொல்லி ஆளுக்கு ஒரு ஃபைவ் ஸ்டார் போடச் சொல்லுப்பா’ என்பது சின்ன உதவிபோலத்தான் கேட்கப்படும். பணமோ பரிசோ வாங்கிக்கொண்டு சமூக வலைதளத்தில் பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. இன்ஃப்ளூயன்சர்களுக்கு பிரீஃப் எழுதும் வேலை பெரும்பாலும் இன்டர்னிடம்தான் வரும். ‘விளம்பரம்’ என்ற வார்த்தையை எங்கே போட வேண்டும் என்பதையும் அவரே எழுத வேண்டியிருக்கும்.

இனி காசு விஷயம். இத்தனை வேலைக்கும் எவ்வளவு தருகிறார்கள்? சில ஏஜென்சிகள் கௌரவமாகவே தருகின்றன. சில பஸ், ரயில் செலவுக்கு மட்டும். சில ஒன்றும் தருவதில்லை, ‘எக்ஸ்போஷர் கிடைக்குமே’ என்பார்கள். வேளச்சேரியில் பேயிங் கெஸ்ட் அறைக்கு வாடகை கேட்கிறவர் எக்ஸ்போஷரை வாங்கிக்கொள்வதில்லை. சென்னையில் வீடு இருக்கும் மாணவர் சமாளித்துவிடுவார். தென்காசியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வருகிறவர், அப்பாவிடம் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் கேட்க வேண்டும், அல்லது ஊரிலேயே ஏதோ ஒரு கடையில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஒப்பேற்ற வேண்டும். மொழிபெயர்ப்புக்கும் மாவட்டச் செய்திகளுக்கும் யாரை ஏஜென்சி தேடுகிறதோ, அவரையே சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் வெளியே நிறுத்திவிடுகிறது.

சட்டம் இங்கே பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 1961 அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் முறைப்படி பதிவு செய்யப்பட்ட பட்டதாரி அப்ரன்டிஸ்களுக்கு மாதம் குறைந்தபட்சம் 9,000 ரூபாய் என்று 2019-ல் விதி திருத்தப்பட்டது. கல்லூரி அனுப்பும் இரண்டு மாத இன்டர்ன் இந்த வட்டத்துக்குள் வருவதில்லை. 2024-ல் அறிவிக்கப்பட்ட பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் அப்போது மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். ஆனால் முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களும் எம்பிஏ முடித்தவர்களும் அதில் சேர முடியாது என்றுதான் அறிவித்தார்கள். ஒன்று மட்டும் உறுதியாக இருக்கிறது: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் பயிற்சியாளர்களையும் ஊழியர் என்றே வரையறுக்கிறது. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இன்டர்ன் உள்ளகக் குழுவிடம் புகார் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் ‘பிளாக் ஸ்வான்’ படத்தில் சம்பளமின்றி வேலை பார்த்த இன்டர்ன்கள் வழக்குப் போட்டார்கள். 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது: இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயன் அடைவது யார், மாணவரா நிறுவனமா? 2018-ல் அந்த நாட்டுத் தொழிலாளர் துறையும் இதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு நிறுவனங்களுக்கே சாதகம் என்ற விமர்சனம் உண்டு. இருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. சென்னை பி.ஆர். இன்டர்னுக்கு அதைப் பொருத்திப் பார்த்தால், முதல் இரண்டு வாரம் லாபம் மாணவருக்கு. சீனியர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். அதற்குப் பிறகு அவர் எழுதும் ரிலீஸ், போடும் போன், தயாரிக்கும் ரிப்போர்ட் எல்லாமே ஏஜென்சி கிளையன்டிடம் கட்டணம் வாங்கும் வேலையில் சேர்ந்துவிடுகின்றன. கட்டணம் வாங்கும் வேலைக்குக் கூலி கொடுக்காமல் இருப்பதற்கு எக்ஸ்போஷர் ஒரு காரணம் ஆகாது.

கல்லூரிகள் இதில் வேடிக்கை பார்க்கின்றன. இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் கொடுக்கிறார்கள், ஆனால் மாணவர் அங்கே என்ன செய்தார் என்று கைடு ஒருமுறைகூட ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கேட்பது அபூர்வம். கிளையன்ட் தகவலை வெளியே சொல்ல முடியாது என்பதால் பலர் கடைசி வாரத்தில் கூகுள் ஃபார்மில் நூறு நண்பர்களிடம் கருத்துக் கேட்டு, தான் பார்த்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டு செய்து கொடுக்கிறார்கள். அதற்குப் பதில், கிளையன்ட் பெயரை மறைத்துவிட்டு, எழுதிய மூன்று ரிலீஸ்கள், அவை வெளியானதா இல்லையா, ஏன் என்று எழுதச் சொன்னால் போதும். ஸ்டைபெண்ட் எவ்வளவு, வேலை நேரம் என்ன, யார் மேற்பார்வை பார்ப்பார் என்ற மூன்றும் எழுத்தில் இல்லாத கடிதத்தை பிளேஸ்மென்ட் அலுவலகம் திருப்பி அனுப்பலாம். குறைந்தபட்சத் தொகைக்கு அளவு வேண்டும் என்றால், அப்ரன்டிஸ் விதி 2019-லேயே 9,000 ரூபாய் என்று ஓர் அளவு வைத்தது.