எடுத்தவுடனே இறக்க வேண்டுமா?



திறமையைப் பார்த்துப் பெரிய பாடசாலை சேர்த்துக்கொண்ட பிள்ளை, முதல் வருடமே எல்லா மெட்ச்சும் விளையாட வேண்டும் என்று சில பெற்றோர் கோச்சோடு சண்டைக்குப் போகிறார்கள். இடையில் மனமுடைந்துபோவது பிள்ளைதான்.

யாழ் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்தைப் பாருங்கள். 2020இல், 18 வயதில், முதல் எல்.பி.எல். மெட்ச்சிலேயே அஞ்சலோ மெத்தியூஸின் விக்கெட்டை எடுத்தவர். 2024 ஏப்ரலில் வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக ஐ.பி.எல். சன்ரைசர்ஸ் அணி அவரை எடுத்தது. ஆனால் மே 8ஆம் திகதிதான் களமிறக்கியது. அந்த சீசனில் கிடைத்தது மூன்றே மெட்ச்.

ஆகவே பெற்றோரே, பொறுங்கள். கோச்மாரே, "இந்த வருடம் இடமில்லை" என்றால் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். ஆசை காட்டிப் பிள்ளையை பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்.