மலிவான கருவியும் கவனமான கையும்

கெடா மாநிலத்தின் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா அதுவே. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இன்ஃபினியோன் நிறுவனம் அங்குத் தனது புதிய சில்லுத் தொழிற்சாலையின் முதற்கட்டத்தைத் திறந்தது. பாடாங் செராய், லூனாஸ், சுங்கை பட்டாணி, பீடோங் ஆகிய ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களும் அப்பூங்காவிலிருந்து வெகு தொலைவில் இல்லை. ஆயினும், இங்குள்ள மாணவர்களுள் எத்தனை பேர் இரண்டு மின்கம்பிகளைத் தம் கையால் பற்றவைத்துப் பார்த்திருப்பர்?

இடைநிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் பற்றவைத்தலின் அடிப்படையைக் கற்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆனால், கருவியில் சிக்கனம் பார்க்கலாம். பாதுகாப்பில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

பற்றவைத்தல் நமக்குப் புதிய தொழிலன்று. நகை செய்யும் பத்தர் வெண்காரம் இட்டு, ஊதுகுழலால் தீயை ஊதிப் பொன்னைப் பற்றவைப்பார். பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுபவர் நவச்சாரம் தூவுவார். உலோகத்தின் மேலுள்ள மாசை நீக்கி, உருகிய உலோகம் நன்கு ஒட்டுவதற்கு அவை உதவுகின்றன. இன்றைய பற்றாசுக் கம்பியின் நடுவே உள்ள பிசினும் அதே வேலையைத்தான் செய்கிறது.

தொடக்கநிலை மாணவருக்குத் தேவையானவை சிலவே: 30 அல்லது 40 வாட் மின்சாரப் பற்றவைப்புக் கோல், அதற்குரிய தாங்கி, ஈரப் பஞ்சு, பற்றாசுக் கம்பி, பாதுகாப்புக் கண்ணாடி. மீந்துபோன செப்புக் கம்பித் துண்டுகளே பயிற்சிக்குப் போதும். முதலில், இணைக்க வேண்டிய இடத்தைக் கோலால் சூடேற்ற வேண்டும். பிறகு, பற்றாசுக் கம்பியை அவ்விடத்தில் தொட வேண்டும். சூடேறிய உலோகமே பற்றாசை உருக்கி இழுத்துக்கொள்ளும். மாறாக, பற்றாசைக் கோலில் உருக்கிச் சொட்டவிட்டால் ஒட்டியது போலத் தோன்றும், இழுத்தால் கழன்றுவிடும்.

எதில் சிக்கனம் கூடாது? இணையக் கடைகளில் கிடைக்கும் சில கோல்கள் இரண்டு முனைப் பிளக்குடன் வருகின்றன. சுவரில் உள்ள மேல்துளையில் பேனாவையோ குச்சியையோ நுழைத்து அதைச் செருகும் வழக்கத்தை நம் வீடுகள் பலவற்றில் காணலாம். இஃது உயிருக்கே ஆபத்தானது. சிரிம் முத்திரை பெற்ற மூன்று முனைப் பிளக் உள்ள கோலையே வாங்க வேண்டும். தாங்கி வாங்காமல், கோலைத் தட்டின் விளிம்பில் சாய்த்து வைப்பதும் தவறு. கோலின் முனை ஏறக்குறைய 350 பாகை செல்சியஸ் வரை சூடேறும். அது கைதவறி விழுந்தால் பிடிக்க முயலாமல் விலகிக்கொள்ள வேண்டும்.

பற்றாசுக் கம்பியிலும் கவனம் வேண்டும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பி ஏறக்குறைய 190 பாகையிலேயே உருகிவிடும், விலையும் குறைவு. எனினும், காரீயம் நச்சுத்தன்மை உடையது. கையில் ஒட்டி, உணவோடு உடலுக்குள் செல்லக்கூடும். காரீயம் கலவாத கம்பி உருகுவதற்கு ஏறக்குறைய 220 பாகை வெப்பம் தேவை. விலை சற்று அதிகமானாலும் பள்ளிக்கு அதுவே ஏற்றது. எந்தக் கம்பியானாலும் வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். பிசின் புகை ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது என்பதால் சன்னலருகே அமர்ந்து பழக வேண்டும்.

‘பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்வார்களே’ எனப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆனால், தடை விதித்தால் ஆர்வம் மறைந்துவிடாது. காணொளியைப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் இல்லாத நேரத்தில் பழுதான சார்ஜரைப் பிரித்துப் பார்க்கும் மாணவருக்கே ஆபத்து அதிகம். ஆசிரியர் அருகிலிருக்க, மின்கலத்தால் இயங்கும் சிறு விளக்குச் சுற்றுகளை மட்டும் செய்து பழகுவது பாதுகாப்பானது. சுவர் மின்சாரத்தில் இயங்கும் பொருள்களைத் திறப்பது மாணவர் வேலையன்று. சூடுபட்டால் உடனே ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும்; பற்பசையோ கிச்சாப்போ தடவக்கூடாது. இதையும் பாடத்தின் பகுதியாகவே கற்பிக்க வேண்டும்.

‘தொழிற்சாலைகளில் இயந்திரங்களே பற்றவைக்கின்றனவே’ என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால், பழுதான இணைப்பைக் கண்டறிவதற்கும் திருத்துவதற்கும் அனுபவமுள்ள கண்ணும் கையும் இன்றும் தேவைப்படுகின்றன. அறுந்த ஒரு கம்பிக்காக விளக்கையோ வானொலியையோ குப்பையில் எறியாமல் காக்கவும் இத்திறன் உதவும்.

பால்மரக் காட்டில் மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவிய கைகள் நம் முன்னோருடையவை. கூர்மையான கத்தியை அவர்கள் அஞ்சி ஒதுக்கவில்லை. முறையாகப் பழகித் தேர்ந்தார்கள். இன்று கூலிமிலேயே துவாங்கு சுல்தானா பாஹியா பல்தொழிற்கல்லூரி இருக்கிறது. அங்குச் சேர விரும்பும் தோட்டத்து மாணவர், பற்றவைப்புக் கோலை முதன்முதலாக அங்கேதான் தொட வேண்டும் என்ற நிலை இருக்கக்கூடாது. பள்ளியில் சன்னலோரம் ஒரு மேசை, ஐந்து கோல்கள், அருகில் ஓர் ஆசிரியர். இவற்றைக் கொண்டே நாம் இப்பணியைத் தொடங்கலாம்.