பலூன் மாட்டியாச்சு... அப்புறமும் டயர் ஏன் தேயுது மாமா?

நாமக்கல் பக்கம் சொந்தக்காரர் இருந்தால், அதில் ஒருவராவது லாரி வைத்திருப்பார். எனக்கு மாமா. அவரிடம் இருப்பது மூன்று ஆக்ஸில் ட்ரெய்லர். குஜராத்தில் இருக்கும் மோர்பிக்குப் போய் டைல்ஸ் ஏற்றி வருவதுதான் அந்த வண்டியின் முக்கியமான ஓட்டம். ஒரு வழிக்கே 2,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு.

டைல்ஸ் லோடில் ஒரு தொல்லை உண்டு. இறக்குமிடத்தில் பெட்டியைப் பிரித்து, உடைந்ததை எண்ணி, அந்தக் காசை வாடகையில் கழித்துவிடுவார்கள். போன தீபாவளி நேரத்தில் அப்படித் தொடர்ந்து மூன்று டிரிப் கழிந்ததும் மாமா முடிவெடுத்துவிட்டார். ட்ரெய்லரின் பட்டையைக் கழற்றிவிட்டு ஏர் சஸ்பென்ஷன் போடுவது என்று. டிரைவர்கள் பாஷையில் 'பலூன்'.

பட்டை என்பது லாரிக்கு அடியில் வில் மாதிரி அடுக்கியிருக்குமே, அந்த இரும்புத் தகடுகள்தான். முழு லோடைத் தாங்கும் அளவுக்கு அது விறைப்பாக இருந்தாக வேண்டும். அதனால் லோடு குறைவாக இருக்கும்போது ட்ரெய்லர் தகரடப்பா மாதிரி குதிக்கும். பலூனில் அப்படி இல்லை. லோடு ஏற ஏற உள்ளே காற்று கூடும், இறக்கினால் குறையும். லெவலிங் வால்வு என்ற சின்னச் சாமான் இந்த வேலையைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். மூன்று ஆக்ஸிலுக்கும் ஆறு பலூன், எல்லாவற்றையும் இணைக்கும் காற்றுக் குழாய். அதனால் ஒரு ஆக்ஸில் மட்டும் தனியாகச் சுமப்பதில்லை.

ஹைவே ஓரத்துப் பட்டறை ஒன்றில் நாலே நாளில் வேலை முடிந்தது. மாமா எனக்கு வீடியோ காலில் காட்டினார். வண்டி காற்றை இழுத்துக்கொண்டு மெதுவாக எழுந்தது. "யானை எந்திரிக்கற மாதிரி இருக்குது பாரு மாப்ள" என்றார். எனக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் டிரிப்பில் டைல்ஸ் அவ்வளவாக உடையவில்லை. ஆனால், ஊர் திரும்பியதும் டிரைவர் அண்ணன் நடு ஆக்ஸில் டயரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நானும் அப்போது ஊரில் இருந்தேன். ஒரு திசையில் கையை ஓட்டினால் வழுவழுவென்று போனது. திருப்பி ஓட்டினால் அரம் மாதிரி விரலில் இடறியது. நாலு டயரும் அப்படியே. ஒரு டயர் 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டும் என்பதால் மாமா அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் வண்டி, மாமாவுக்குப் பழக்கமான வயசான மேஸ்திரி ஒருவரிடம் போனது. அவர் பலூனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஏனுங்க, கிங் பின்லேர்ந்து அளந்தாங்களா?" என்றுதான் கேட்டார். மாமா என் முகத்தைப் பார்த்தார்.

ட்ரெய்லரை முன்னால் இழுக்கும் வண்டியோடு இணைக்கும் தடித்த இரும்புக் குமிழ்தான் கிங் பின். சமதரையில் வண்டியை நிறுத்தி, கிங் பின்னிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, முன் ஆக்ஸிலின் இடது முனைக்கும் வலது முனைக்கும் டேப் பிடித்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிறகு முன் ஆக்ஸிலிலிருந்து நடு, பின் ஆக்ஸில்களுக்கு அளவு. அங்கே ஒன்றரை மில்லிமீட்டர்தான் சலுகை. எங்கள் நடு ஆக்ஸிலில் வித்தியாசம் 10 மில்லிமீட்டர்.

'வெறும் 10 மில்லிமீட்டர்தானே' என்று எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அளந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே சுமார் 2 மீட்டர். அப்படியென்றால் அந்த ஆக்ஸில் ஒவ்வொரு 200 மீட்டர் ஓட்டத்துக்கும் 1 மீட்டர் பக்கவாட்டில் போகப் பார்க்கிறது. கிலோமீட்டருக்கு 5 மீட்டர். மோர்பியிலிருந்து நாமக்கல் வருவதற்குள் 9 கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போக நினைத்த சக்கரங்களை, மற்ற இரண்டு ஆக்ஸில்களும் சேர்ந்து தரதரவென்று இழுத்து வந்திருக்கின்றன. ரப்பர் பாவம், என்ன செய்யும்?

தப்பு எங்கே நடந்தது என்றால், பழைய ஹேங்கர் இருந்த தடத்திலேயே புதிய ஹேங்கரை வெல்டு செய்திருக்கிறார்கள். பட்டையில் ஓடியபோது ராடுகளைக் கூட்டிக் குறைத்து ஆக்ஸிலை நேராக்கியிருப்பார்கள். அதனால் அந்தத் தடத்தை நம்பக் கூடாதாம். நல்லவேளை, இந்த மாடலில் பிவட் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்த இடம் இருந்தது. அரை நாளில் நேராகிவிட்டது.

அடுத்து மேஸ்திரி அடியில் படுத்து ஏர் லைனைப் பார்த்தார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. பலூனுக்குப் போகும் குழாயை பிரேக் டேங்க்கிலிருந்து நேராகப் பிரித்து விட்டிருந்தார்கள். நடுவில் இருக்க வேண்டிய பாதுகாப்பு வால்வைக் காணோம். பிரேக்குக்குத் தேவையான அழுத்தம் டேங்க்கில் இருந்தால் மட்டுமே அந்த வால்வு பலூனுக்கு வழிவிடும். அது இல்லாமல் மலை இறக்கத்தில் ஒரு பலூன் கிழிந்தால்? பிரேக் காற்றும் அந்த ஓட்டை வழியாகவே போகும். மிதிக்கும்போது பலம் இருக்காது. காற்று மேலும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்து, அத்தனை டன் லோடோடு வண்டி நடுரோட்டில் உறைந்து நிற்கும். டிரைவர் அண்ணன் எதுவும் பேசாமல் போய் டீ வாங்கி வந்தார். அந்த டிரிப்பில் 3,800 கிலோமீட்டர் ஓட்டியவர் அவர்தான்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது பலூன் மாட்டப் போகிறார் என்றால், இந்த இரண்டையும் கண்டிப்பாகக் கேட்கச் சொல்லுங்கள். கூடவே, வெல்டிங் வைக்கும்போது ஏ.பி.எஸ் வயரைக் கழற்றினார்களா, பலூன் மேல் ஈரச்சாக்கு போட்டார்களா என்றும் பார்க்கலாம். ஒரு பொறி பட்டால் போதும், ரப்பர் அங்கேயே பலவீனமாகிவிடும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது.

காகித வேலையும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதனால் வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. மாமா இதை வேலை முடிந்த பிறகுதான் செய்தார். அந்த அலைச்சல் தனிக் கதை. பலூன் வந்துவிட்டதே, இன்னும் ரெண்டு டன் ஏற்றலாம் என்று லோடு ஆபீஸில் ஆசை காட்டுவார்களாம். ஆர்.சி-யில் போட்டிருக்கும் எடைதான் எடை.

டிரைவர் அண்ணனிடம், "இப்ப முதுகுவலி பரவாயில்லையாண்ணா?" என்று கேட்டேன். சிரித்தார். "ட்ரெய்லர்லதான தம்பி பலூன் போட்டுருக்குது, என் சீட்டுலயா?" முன்வண்டியின் கேபினுக்கும் சீட்டுக்கும் செலவழிக்கலாமே என்று மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அடுத்த வருசம்" என்றார். நானும் விடுவதாக இல்லை.

வண்டி கிளம்பும் முன் ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் வந்தது, மாற்றினார்கள். லோடோடு கொஞ்ச தூரம் ஓடியதும் யூ போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து இன்னொரு முறை முறுக்க வேண்டும் என்று மேஸ்திரி நாலு தடவை சொல்லி அனுப்பினார்.

நேற்று மாமாவிடமிருந்து போன். வண்டி மோர்பியில் லோடு ஏற்றிவிட்டதாம். வழியில் இருக்கும் ஒரு பட்டறையில் டார்க் ரெஞ்ச் கேட்டால், "பைப் போட்டு இழுத்தா போதாதா?" என்று சிரிக்கிறார்களாம். "அடுத்த பட்டறையில கேளு, கிடைக்கற வரைக்கும் நகராதேன்னு சொல்லிட்டேன் மாப்ள" என்றார்.