மாதுளம்பூவும் ஒரு மரூஉவும்

ஆங்கிலத்தில் 'பலஸ்டர்', 'பேனிஸ்டர்' என்று இரண்டு சொற்கள் உண்டு. முன்னது செம்மையானது, பின்னது அதன் சிதைவு என்று கட்டடக்கலை நூலோர் சிலர் ஒதுக்கியதுண்டு. அந்தத் தீர்ப்பை நாமும் ஏற்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

பலஸ்டர் என்பது கைப்பிடிக் கட்டையைத் தாங்கும், நடுவில் புடைத்த குட்டைத் தூண். அது வரிசையாக நின்றால் 'பலஸ்ட்ரேட்'. காட்டு மாதுளம்பூவைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. பாதி விரிந்த பூவின் வடிவைத் தூணில் கண்டவர்கள் இத்தாலியர். ரோமில் பிரமாந்தே எழுப்பிய, 1502 என்ற ஆண்டைத் தாங்கி நிற்கும் 'தெம்பியெத்தோ' என்னும் வட்டக் கோயிலின் மேல்தளத்தைச் சுற்றி இவ்வரிசையைக் காணலாம்.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்த அச்சொல், 17ஆம் நூற்றாண்டில் லகரம் னகரமாகத் திரிந்து 'பேனிஸ்டர்' ஆயிற்று. திரிந்த சொல் தனக்கென ஓர் இடத்தையும் தேடிக்கொண்டது. பலஸ்ட்ரேட் என்றதும் மாளிகை மாடத்துக் கல்வரிசை நினைவில் எழுகிறது. பேனிஸ்டர் என்றால் வீட்டுப் படிக்கட்டின் ஓரம், பிள்ளைகள் சறுக்கி இறங்கும் மரக்கட்டை.

நமக்கு இது புதிதன்று. தஞ்சாவூர் தஞ்சையானதைப் பிழை என்று யாரும் திருத்துவதில்லை. நன்னூலார் மரூஉவை இயல்பு வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாகவே வைத்தார். வழக்கில் ஊன்றிய திரிபும் சொல்லே என்ற தெளிவு அதில் இருக்கிறது.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் இவ்விரு சொற்களையும் 'கைப்பிடிச்சுவர்' என்ற ஒன்றுக்குள் அடைத்துவிடக் கூடாது. சுவருக்கு இடைவெளி கிடையாது. உறங்கப் போகாத குழந்தையொன்று மாடிப்படியில் அமர்ந்து, கம்பிகளுக்கிடையே கீழ்க்கூடத்து விருந்தைப் பார்க்கும் காட்சியைச் சுவர் மறைத்துவிடும். மாடத்துக் கல்வரிசையைச் 'சிறுதூண் வரிசை' என்றும், படிக்கட்டில் உள்ளதைக் 'கிராதி' என்றும் எழுதலாம். கிராதியும் போர்த்துகீசிய 'கிராதெ' தமிழ் நாவில் உருமாறிய சொல்தான். அயற்சொல் என்று அதை விலக்குவோர், அதே பொருளைத் துல்லியமாகத் தரும் வேறு சொல்லை முதலில் காட்டட்டும்.