கண்ணுக்குக் கூலி கடைவீதியிலா?

தோழர்களே! உங்கள் ஊர்க் கடைவீதியிலே நின்று ஒரு கணம் தலை நிமிர்ந்து பாருங்கள். கம்பத்தின் உச்சியிலே காமிரா. காமிராவின் கீழே தகடு. தகட்டிலே ‘உபயம்’ என்ற சொல்லும் ஒரு நகைக்கடையின் பெயரும்! கோயில் குழல்விளக்கிலே உபயதாரர் பெயர் வெளிச்சத்தை மறைத்துக் கிடப்பதைக் கண்டு நகைத்தவர்கள் நாம். இன்று போலீசாரின் கண்ணிலேயே உபயதாரர் பெயர். இது நகைத்துவிட்டுப் போகும் செய்தியன்று.

காமிராவே கூடாது என்பதன்று நம் வாதம். சங்கிலி பறித்தோடியவனைக் காட்டித் தந்திருக்கிறது அது. மோதிவிட்டு மறைந்த லாரியின் எண்ணைச் சொல்லியிருக்கிறது அது. இருக்கட்டும், வேண்டியதுதான். நாம் கேட்பது ஒன்றே: அதற்குப் பணம் கட்ட வேண்டியவர் யார்?

அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டுங்கள். மாநிலப் பட்டியலில் முதல் இனம் பொது அமைதி. இரண்டாம் இனம் போலீஸ். லத்திக்கும் தொப்பிக்கும் கஜானாவே பணம் தருகிறது. கண்ணுக்கு மட்டும் ஏன் கடைவீதியிலே கையேந்த வேண்டும்?

சென்னையிலே 2017-க்குப் பின் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில், வணிகரும் குடியிருப்போரும் தந்த பணத்தைத் துணைக்கொண்டு தெருவெங்கும் காமிராக்கள் எழுந்தன. பின்னர் பெருநகரங்களுக்கு வேறொரு வழியும் திறந்தது. நிர்பயா நிதியிலிருந்து ‘பாதுகாப்பான நகரம்’ திட்டம். மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. எத்தனை நகரங்களுக்கு? எட்டே எட்டு! தமிழ்நாட்டில் சென்னை ஒன்றுதான். 2021-இல் மாநகராட்சிகளான கும்பகோணமும் கரூரும் சிவகாசியும் அந்த எட்டில் இல்லை; 2024-இல் உயர்ந்த காரைக்குடியும் நாமக்கல்லும் இல்லை. சின்ன நகரங்களுக்கு மிஞ்சுவது பழைய வழிதான்: காவல் நிலையத்திலே வணிகர் கூட்டம், ஒரு கோப்பைத் தேநீர், ஒரு வேண்டுகோள், பிறகு வசூல்!

“மனமுவந்து தருகிறார்களே” என்பார்கள். கேட்பவர் இடுப்பிலே விலங்குச் சாவி. கொடுப்பவர் கடைவாசலிலே நிற்கும் வண்டிகளுக்கு அவரே அபராதம் போடவல்லவர். இருவருக்குமிடையே மனம் எங்கே உவக்கிறது? சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கலாகாது, வசூலிக்கலாகாது என்கிறது அரசியல் சட்டத்தின் 265-ஆம் பிரிவு. மறுக்க முடியாத நன்கொடைக்கு வரி என்பதல்லால் வேறென்ன பெயர்? வெள்ளையன்கூட 1861 போலீஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவிலே, கலகம் நடந்த ஊரில் கூடுதல் போலீசை நிறுத்தி, அச்செலவை ஊரார் தலையிலே சுமத்தினான். கொடுமைதான்! ஆனால் அவனும் சட்டம் எழுதினான், பிரகடனம் வெளியிட்டான். இன்றைய வசூலுக்கு அந்தக் காகிதமும் இல்லையே!

அதனால் விளைவது யாது? கொடுத்தவர் கடைமுன்னே கண் திறக்கிறது. சேரிக்குப் போகும் இருண்ட சந்தில், இரவு வேலை முடிந்து ஆலைப் பெண்கள் நடந்துவரும் பாதையில், கொடுக்க ஆளில்லை, ஆகவே கண்ணுமில்லை. காவல் எல்லோருக்கும் பொது என்ற நீதி, காசுள்ளவர்க்குக் காவல் என்றாகிறது. வாங்கி மாட்டுவதோடு செலவு தீர்வதுமில்லை. மின்சாரம் வேண்டும், படம் சேமிக்கும் கருவி வேண்டும், இடி விழுந்தால் பழுது பார்க்க ஆள் வேண்டும். உபயதாரர் ஒருமுறை தருவார், ஆண்டுதோறும் தருவாரா? பராமரிக்க ஆளில்லாத காமிரா, பொய்க்கண். அதை நம்பி நடப்பவர்க்கு ஆபத்து.

இன்னொரு கண்ணையும் நினைத்துப் பாருங்கள், தோழர்களே! சாத்தான்குளம், 2020 ஜூன். காவல் நிலையத்தில் அடிபட்டுத் தந்தையும் மகனும் மாண்டனர். நிலையத்திலே காமிரா இருந்தது. படத்தைக் கேட்டபோது என்ன தெரிந்தது? சேமிக்க இடமிருந்தும், நாள்தோறும் தானே அழியும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தது! அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், எல்லாக் காவல் நிலையங்களிலும் காமிரா வேண்டும், அதற்கு அரசுகள் நிதி ஒதுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. மக்களைப் பார்க்கும் கண்ணுக்கு மக்களிடமே வசூல். போலீசைப் பார்க்கும் கண்ணுக்கோ நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. எந்தக் கண்ணிலே அக்கறை என்பது விளங்குகிறதல்லவா?

“கஜானாப் பணமும் மக்கள் பணந்தானே, எந்தப் பையிலிருந்து எடுத்தால் என்ன?” என்று கேட்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. வேறுபாடு உண்டு, ஐயா! வரிப்பணத்துக்குச் சட்டசபையில் வாக்கெடுப்பு உண்டு, தணிக்கை உண்டு, கேள்வி உண்டு. உண்டியல் பணத்துக்கு எது உண்டு? அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக உரைத்தனர். நம் நடமாட்டத்தைப் படமெடுப்பது எதற்கு, பார்ப்பவர் யார், எத்தனை நாள் வைப்பார் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. கணக்கே இல்லாத இடத்தில் எந்தக் கேள்விக்குப் பதில் வரும்?

ஆகவே, தோழர்களே, உங்கள் நகரமன்றக் கூட்டத்திலே இவற்றைக் கேளுங்கள். ஊரில் எத்தனை காமிரா? எத்தனை உயிரோடிருக்கிறது? யார் பணம்? ரசீது எங்கே? வாங்கவும் பராமரிக்கவும் மாநில அரசே நிதிநிலை அறிக்கையில் பணம் ஒதுக்கட்டும். எங்கே வைப்பது என்பதை நகரமன்றம் வெளிப்படையாக முடிவு செய்யட்டும். காவல் நிலையக் காமிராவே முதலில் பழுதின்றி ஓடட்டும்.

காவல்காரனுக்குக் கூலி கொடுப்பவனே அவனுக்கு எஜமான். அந்த எஜமான் நகைக்கடையாக இருக்கலாகாது. நாடாக இருக்க வேண்டும்!