கேஜை முதலில் காலியாக இறக்குங்கள்

வங்கி சர்வருக்குப் பேட்ச் போடுவது ஐடிகாரர்கள் பாடு, நமக்கென்ன என்று நினைக்கிற அதிகாரிகளுக்குத்தான் இந்தப் பதிவு. நானும் பி.காம். தாங்க. யூனிக்ஸ் பெட்டி முன்னால் உட்கார்ந்து கட்டளை அடிப்பது என் வேலை இல்லை. ஆனால் "ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு வரை சர்வரை நிறுத்திக்கொள்ளலாம்" என்ற படிவத்தில் பிசினஸ் தரப்பில் கையெழுத்து போடுவது என்னை மாதிரி ஆட்கள்தான். கையெழுத்து போடுகிறவனுக்குக் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். என் கட்சி அவ்வளவுதான்.

பயந்துகொண்டு பேட்சைத் தள்ளிப்போடுவதும் தீர்வு இல்லை. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கோடக் மஹிந்திரா வங்கி ஆன்லைனில் புது வாடிக்கையாளர் சேர்க்கக்கூடாது, புது கிரெடிட் கார்டு கொடுக்கக்கூடாது என்று தடை போட்டது. சொன்ன குறைகளில் பேட்ச் நிர்வாகமும் ஒன்று. தடை நீங்கியது 2025 பிப்ரவரியில். அதற்கு முன்பே, 2018 அக்டோபரில், ஏடிஎம் கொள்ளை பற்றி அமெரிக்க அரசு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. திருடர்கள் புகுந்த ஸ்விட்ச் சர்வர்கள் எல்லாமே காலாவதியான ஏஐஎக்ஸ் பதிப்பில் ஓடியவை என்று அதில் இருந்தது. ஏஐஎக்ஸ் என்பது ஐபிஎம்மின் யூனிக்ஸ். புகுந்த வழி ஏஐஎக்ஸ் ஓட்டைதான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். ஆனாலும் பூட்டு பழசாக இருந்த வீடுகள்தான் அத்தனையும்.

சரி, அவசரப்பட்டால்? 2012 ஜூனில் பிரிட்டனில் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமத்துக்கு நடந்தது. அங்கே மாற்றியது இயங்குதளத்தை அல்ல, ராத்திரி பேட்ச் வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளை. (இந்த 'பேட்ச்' வேறு, பல வேலைகளை மொத்தமாக ஓட்டுவது. தமிழில் எழுதினால் இதுதான் வம்பு :-)) புதுப் பதிப்பு சரியில்லை என்று தெரிந்ததும் கழற்றினார்கள். கழற்றினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கவில்லை. 65 லட்சம் வாடிக்கையாளர்களுக்குமேல் பாதிப்பு. 2014-ல் மொத்தம் 5.6 கோடி பவுண்டு அபராதம். விழுந்தது போடும்போது அல்ல, கழற்றும்போது. இதைக் கவனியுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல். இப்போது வளைகுடாவில். எங்கள் ஊர்ச் சுரங்கம் 2001-ல் மூடிவிட்டார்கள். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். சுரங்க வேலையில் ஒரு விதி உண்டு. ஷாஃப்டிலோ வைண்டிங் எஞ்சினிலோ பழுது பார்க்க நிறுத்தினால், பிறகு ஆள் ஏற்றாமல் கேஜை ஒருமுறை முழுசாக இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும். "நேற்று நல்லாத்தானே ஓடிச்சு" என்ற பேச்செல்லாம் அங்கே செல்லாது.

சர்வரில் அந்தப் பேச்சு தாராளமாகச் செல்கிறது. அதிலும் ஒருமுறை போட்டுக் கழற்றிய பேட்சைத் திரும்பப் போடும்போது. "ஏற்கெனவே போட்டதுதானே சார்" என்பார்கள். போட்டதுதான், நிற்கவில்லையே! இன்னொரு வகை இன்னும் மோசம். டிஸ்க் போய்விட்டது, மார்ச் மாதப் பேக்கப்பிலிருந்து சர்வரை எழுப்புகிறோம். மார்ச்சுக்குப் பிறகு போட்ட பேட்ச் ஒன்றும் அதில் இருக்காது. கவுண்டர் ஓடும், ஏடிஎம் பணம் கொடுக்கும், யாருக்கும் தெரியாது. அடைத்த ஓட்டை மறுபடி திறந்து கிடக்கும்.

அதனால் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை.

ஒன்று, பட்டியல் எங்கே? சர்வரே சொல்லும் பேட்ச் பட்டியலையும் நம் மாற்றப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து டிக் அடிக்க வேண்டும். பேங்க் ரீகன்சிலியேஷன் படித்த நமக்கு இதைவிடச் சுலபமான வேலை கிடையாது. எதற்கு முன் எது போட வேண்டும் என்ற வரிசையும் அதில் இருக்கட்டும்.

இரண்டு, பேட்சுக்கு முன்னால் ஒருமுறை சும்மா ரீஸ்டார்ட் செய்தீர்களா? ஒரு வருஷமாக நிற்காமல் ஓடும் சர்வர், பேட்ச் இல்லாமலே எழுந்திருக்காமல் போகலாம். பழி பேட்ச் மேல் விழும், தேடல் தப்பான இடத்தில் நடக்கும்.

மூன்று, திரும்பி வர வழி என்ன? ஏஐஎக்ஸில் பல அப்டேட்டுகளை 'அப்ளை' நிலையில் வைக்கலாம், பிடிக்காவிட்டால் 'ரிஜெக்ட்' செய்யலாம். 'கமிட்' செய்துவிட்டால் அது முடியாது. எல்லா அப்டேட்டுக்கும் இந்த வசதி கிடையாது, எனவே கேளுங்கள். இதைவிட நல்ல வழி, இயங்குதளத்தை இன்னொரு டிஸ்கில் நகலெடுத்து, நகலில் பேட்ச் போட்டு, அதிலிருந்து துவக்குவது. கெட்டால் பழைய டிஸ்குக்கே திரும்பலாம். பேக்கப் இருக்கிறது என்பார்கள். அதை ஒருமுறையாவது மீட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இயங்குதளப் பேக்கப்பில் டேட்டாபேஸ் இருக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நான்கு, காலிக் கேஜ் எது? அதே பதிப்பில் ஓடும் சோதனை சர்வரில் போடுவது மட்டுமல்ல, அங்கே கழற்றியும் பார்த்திருக்க வேண்டும். கழற்ற ஒன்றரை மணி நேரம் ஆகுமென்றால், நாலு மணி கெடுவில் இரண்டரைக்கே முடிவெடுத்தாக வேண்டும். அந்த நேரம் படிவத்தில் எழுதியிருக்கட்டும்.

ஐந்து, முடிந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? லாகின் திரை வந்தால் போதாது. ஒரு ஏடிஎம் வித்ட்ராயல், ஒரு பாஸ்புக் பதிவு, நாள் முடிவுக் கணக்கு, மூன்றும் ஓட வேண்டும். மாதக் கடைசியும் முதல் வாரமும் வேண்டவே வேண்டாம்.

ஐடிகாரர்களைச் சந்தேகப்படுவதாக நினைக்காதீர்கள். பாதி நேரம் அவர்களே சோதனைக்கு நேரம் கேட்கிறார்கள், "பிசினஸ் பாதிக்கும்" என்று மறுப்பது நாம்தான். முதல் வாரம் ராபர்ட்சன்பேட்டைக் கிளையில் பென்ஷன் வாங்க வரிசையில் நிற்கிற பாட்டிக்கு ஏஐஎக்ஸும் தெரியாது, பேட்சும் தெரியாது. "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்பது மட்டும்தான் காதில் விழும். ஆட்டோவுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். அதை யார் கணக்கிலும் நாம் எழுதுவதில்லை. ஆகவே, இந்த ஐந்துக்கும் பதில் வந்த பிறகு கையெழுத்து போடுங்கள். வரவில்லையா, அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். அடுத்த வாரம் கட்டாயம் வரவும் செய்யுங்கள்.