பற்று... வரவு... பாட்டு!

கணவன்மார்களுக்கு வரக்கூடாத கேள்விகள் என்று ஒரு பட்டியல் போட்டால், 'என்ன வாங்கித் தரப் போறீங்க?' என்பதற்கு முதல் மூன்றில் நிச்சயம் ஓர் இடம் உண்டு. மற்ற இரண்டையும் நான் சொல்வதாக இல்லை. இந்தப் பத்திரிகை என் வீட்டுக்கும் வருகிறது.

விஷயம் இதுதான். என் மனைவிக்கு இந்த ஆவணியில் முப்பது வயது பூர்த்தி.

நம் முன்னோர்கள் கெட்டிக்காரர்கள், சார். அறுபதில் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று விசேஷங்களை எல்லாம் அறுபதுக்கு மேலேயே வைத்துக்கொண்டார்கள். அறுபதுக்கு ஒரு கணக்கும் இருக்கிறது. பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருஷங்கள் மொத்தம் 60. ஒரு சுற்று முடிந்தால் பிறந்த வருஷமே திரும்பி வந்துவிடும். முப்பதில் அப்படி என்ன வருகிறது? பாதிச் சுற்று. சினிமாவில் இடைவேளை மாதிரி. ஆனால் இடைவேளையில்தானே சார், பாப்கார்னுக்குச் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது!

அதிலும் என் மனைவிக்குப் பிறந்த நாள் மூன்று. நிஜமாகப் பிறந்தது ஆகஸ்ட் 28. நட்சத்திரப்படி ஆவணி அஸ்தம். அது வருஷா வருஷம் இடம் மாறி உட்காரும். ஒரே மாதத்தில் இரண்டு அஸ்தம் வந்தால் இரண்டாவதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மாமியார் போனில் ரூலிங் கொடுப்பார். மூன்றாவது, மே 15. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது 'வயசு பத்தலையே' என்று ஹெட்மாஸ்டர் இழுக்க, என் மாமனார் அந்த மேஜை மேலேயே பெற்றெடுத்த தேதி அது. சர்டிபிகேட், ஆதார், பாங்க் எல்லாவற்றிலும் அதுதான். மே 15 காலையில் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதல் கண் ஆஸ்பத்திரி வரை அவளை வாழ்த்திவிடும். நான் மட்டும் வாழ்த்தக்கூடாது. வாழ்த்தினால், 'ஓஹோ, அதோட முடிச்சுக்கலாம்னு பார்க்கறீங்களா?' என்பாள்.

"மூணு பிறந்த நாள் இருந்தாலும் வயசு ஒண்ணுதாங்க. பரிசும் ஒண்ணு போதும். ஆனா மறக்கவே முடியாத மாதிரி இருக்கணும்" என்றாள், காய் நறுக்கிக்கொண்டே. கத்தி கையில் இருந்ததால் நான் விவாதிக்கவில்லை.

பழைய ஆபீஸ் நண்பர்களை டீக்கடையில் கூட்டி ஆலோசனை கேட்டேன். மூன்று பேர், நாலு கருத்து. ஒருவர் 'தங்கம்' என்றார். இன்னொருவர் 'பட்டுப் புடவை' என்றார். மூன்றாமவர் 'செல்போன்' என்றார். டீ வந்ததும் 'எதுவும் வாங்காதே, பழக்கம் ஆயிடும்' என்றார்.

நான் பி.காம். எதையும் கணக்குப் போட்டுத்தான் பார்ப்பேன்.

முதலில் தங்கம். பவுன் என்றால் 8 கிராம். 22 காரட் நகையில் 916 என்று முத்திரை இருக்கும். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி வகையறா. 2021 ஜூனில் தொடங்கி ஹால்மார்க்கைப் படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள். 2023 ஏப்ரல் முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக்கூடாது. பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பில் அந்த இலக்கத்தைத் தட்டினால் நகையின் ஜாதகமே வந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் இப்படி ஒரு ஏற்பாடு செய்யலாம் என்று என் மாமனார் அடிக்கடி சொல்வார்.

இதெல்லாம் சரி. தங்கத்தின் விலைக்கு மேல் செய்கூலி, அதற்கு மேல் சேதாரம், எல்லாவற்றுக்கும் மேல் ஜி.எஸ்.டி. மறுநாளே அதே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனால் தங்கத்துக்குத்தான் காசு. செய்கூலியும் சேதாரமும் வரியும் போனது போனதுதான். கடைப் படி இறங்கும்போதே நஷ்டக் கணக்கு எழுதும் ஒரே முதலீடு! ஒரு ஜோடி கம்மலின் விலையைக் கேட்டதுமே என் காது அடைத்துக்கொண்டது. கம்மலே தேவைப்படவில்லை.

அடுத்தது பட்டு. தி.நகரில் ஒரு கடையில் ஏறினேன். காஞ்சிபுரம் பட்டு பற்றிப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். உடலையும் பார்டரையும் தனித்தனி நாடாவில் ஓட்டி, வரிக்கு வரி கோத்து நெய்தால் அது கோர்வை. உடலும் முந்தானையும் சேரும் இடம் பெட்னி. அசல் ஜரிகை என்றால் பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றி, தங்க முலாம் பூசியது. சில்க் மார்க் லேபிள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டிலேயே பரீட்சை செய்ய, ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் தலைமுடி கருகிய வாசனை வந்து, சாம்பல் பொடிப்பொடியாக உதிர வேண்டும். உருகி உருண்டையானால் அது பட்டு இல்லை.

இதை எல்லாம் மனப்பாடமாக ஒப்பித்து, "ஒரு தீப்பெட்டி கிடைக்குமா?" என்றேன். விற்பனையாளர் இரண்டடி பின்னால் போனார். பிறகு சமாளித்துக்கொண்டு, "கலர் என்ன சார்? மயில் கழுத்தா, ராமர் பச்சையா, மாம்பழமா?" என்றார். விழித்தேன். "அம்மா வரலியா சார்?" என்றார், அனாதைக் குழந்தையிடம் பேசுகிற குரலில்.

வந்துவிட்டேன். மனைவி இல்லாமல் மனைவிக்குப் புடவை எடுப்பது, தண்ணீர் இல்லாமல் நீச்சல் கற்பது போல. எலும்பு முறியும்.

செல்போன்? வாங்கிய மாதமே தேய்மானம். போதாததற்கு எங்களுடையது ஜாயின்ட் அக்கவுன்ட். நான் ஆன்லைனில் கார்டு நம்பரைத் தட்டினால் ஓ.டி.பி. அவள் போனுக்குப் போகும். ரகசியமாகப் பரிசு வாங்க அவளிடமே போன் செய்து நம்பர் கேட்க வேண்டும்.

இனி ஒரே வழி, ஆடிட்டிங். இத்தனை வருஷத்தில் அவள் எதற்கு ஆசைப்பட்டாள் என்று ஏட்டைப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

என் மனைவி வரவு செலவு நோட்டு எழுதுவாள். 2017-ல் கல்யாணமான மாதத்திலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதி, வருஷத்துக்கு ஒரு நோட்டாகப் பீரோவின் கீழ்த் தட்டில் அடுக்கி வைத்திருக்கிறாள். அவள் கோயிலுக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்து உட்கார்ந்தேன். எங்கள் மகள், வயது ஆறு, பக்கத்தில் உட்கார்ந்து ஜூனியர் ஆடிட்டராகப் பணியாற்றினாள். பிஸ்கட் கொடுத்து வாயை அடைத்தேன்.

பால், கேஸ், அரிசி. 'இவர் ஷூ.' 'இவர் ஸ்கூட்டர் டயர்.' 'பாப்பா டாக்டர்.' 'இவர் ஃப்ரெண்டு கல்யாணம், மொய்.' அவளுடைய சொந்தச் செலவு என்று தேடினால், பூ பத்து ரூபாய், சேஃப்டி பின் இருபது ரூபாய். பக்கம் பக்கமாக இதேதான். எந்தக் கம்பெனியிலாவது ஒரு பார்ட்னர் இவ்வளவு குறைவாக டிராயிங்ஸ் எடுத்தால் ஆடிட்டருக்கே சந்தேகம் வரும்.

முதல் நோட்டில் மட்டும் ஒரு வரி இருந்தது. 2017 அக்டோபர்: 'பாட்டு டீச்சர் – 500.' நவம்பரிலும் அதே. மாதா மாதம் வந்தது. 2018 ஜூன் வரை வந்தது. ஜூலையில் இல்லை. அதற்குப் பிறகு எந்த நோட்டிலும் இல்லை.

2018 ஜூலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எழுத்தாளனாகப் போகிறேன் என்று நான் அக்கவுன்ட்ஸ் வேலையை விட்ட மாதம்.

அவள் சின்ன வயதில் சரளி வரிசையில் ஆரம்பித்து, கீதம் எல்லாம் முடித்து, மோகன வர்ணத்தில் பாதியில் நிற்கும்போது கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இங்கே வந்து, மூன்று தெரு தள்ளி ஒரு டீச்சரைப் பிடித்து அந்தப் பாதி வர்ணத்தைத் தொடர்ந்தாள். பிறகு ஒரு நாள், 'தொண்டை சரியில்லீங்க, போதும்' என்றாள். நானும் 'சரி விடு' என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். 2018 ஆகஸ்ட். வரவுப் பகுதியில் வெறும் ஒரு வரி. குண்டு குண்டான கையெழுத்தில், பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தாள்: 'இவர் முதல் கட்டுரை (என் பாட்டைப் பத்தி) – 750.'

ஆமாம் சார். அச்சில் வந்த என் முதல் நகைச்சுவைக் கட்டுரை அதுதான். மனைவி சாதகம் செய்தால் பால்காரன் பாக்கி கேட்காமல் ஓடுகிறான், எதிர்வீட்டு நாய் ஊரைவிட்டே போய்விட்டது என்றெல்லாம் எழுதியிருந்தேன். நிறைய பேர் சிரித்தார்கள். பத்திரிகை வந்த அன்று அவளும் படித்தாள். 'நல்லா இருக்குங்க' என்றாள். அப்போது அவள் பாட்டை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் எழுதும்போது அது எனக்குத் தெரியும். நிறுத்தியதற்குக் காரணம் தொண்டை இல்லை, என் சம்பளம் என்பதுதான் தெரியாது.

ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று முதல் வருஷம் முதல் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பற்று யார் பெயரில் என்று பார்க்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

"அப்பா, ஏன் பேசமாட்டேங்கற?" என்றது ஜூனியர் ஆடிட்டர். "கணக்கு டேலி ஆகலைம்மா" என்றேன்.

மறுநாள் காலை டீச்சர் வீட்டைத் தேடிப் போனேன். அதே வீடு, அதே திண்ணை. ஃபீஸ் இப்போது 1,500. என் மனைவி பெயரைச் சொன்னதும், "வர்ணத்துல சரணம் பாக்கி வெச்சுட்டுப் போனவதானே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வகுப்பு செவ்வாய், வெள்ளி, சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு. அதாவது பாப்பாவின் ஹோம்வொர்க்கும் தோசை மாவும் ஒன்றையொன்று சந்திக்கும் அதே ஒரு மணி நேரம். பணம் கட்டுவது சுலபம், சார். அந்த ஒரு மணி நேரத்தை யார் கட்டுவது? 'நான்' என்று சொல்லிவிட்டு, ஆறு மாத ஃபீஸையும் கட்டிவிட்டு வந்தேன். இரண்டு கட்டுரைகளுக்கான செக்கைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தேன். ஓ.டி.பி. பிரச்னை இல்லை.

ஆகஸ்ட் 28. காலையில் அவளுடைய நோட்டையே எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அன்றைய பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி: 'பாட்டு டீச்சர், ஆறு மாசம் – 9,000. செவ்வாய், வெள்ளி தோசை: இவர்.'

படித்தாள். திரும்பவும் படித்தாள். நோட்டை மூடிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். குக்கர் மூன்று விசில் அடித்து அடங்கியது. நான் ஹாலிலேயே நின்றேன். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று சொல்வாளோ என்று பார்த்தேன். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே இல்லை.

"பழைய நோட்டெல்லாம் படிச்சீங்களா?"

"ம்."

"அந்த ஆகஸ்ட் மாசமும்?"

"ம். தப்புதான்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆறு மாசம் மொத்தமா கட்டினீங்களே, ஒரு மாசம் குறைச்சுக்கச் சொன்னீங்களா?" என்றாள். சொல்லவில்லை என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாடா, நிலைமை சகஜமாகிவிட்டது.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் தோசை பல நாட்டு வரைபட வடிவங்களில் வருகிறது. பாப்பா அதை வைத்தே பூகோளம் படிக்கிறாள். மற்ற நாள் காலைகளில் சாதகம் கேட்கிறது. பால்காரர் ஓடவில்லை. நேற்று வாசலிலேயே நின்று கேட்டார். கேட்டுவிட்டுப் பாக்கியையும் கேட்டார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அவளிடம் காட்டி அனுமதி கேட்டேன். முதல் கட்டுரைக்குக் கேட்காததையும் சேர்த்துக் கேட்டேன். முழுக்கப் படித்துவிட்டு, "அனுப்புங்க. ஆனா வர்ற பணத்துல பாதி எனக்கு" என்றாள்.

"எதுக்கு?"

"மயில் கழுத்து கலர்ல ஒரு புடவை பார்த்து வெச்சிருக்கேன். பரிசு வேற, புடவை வேறங்க!"